749 ரூபாய் வாக்கிங் ஃபுட்: என் கறுப்புத் தையல் மிஷினில் நாலு மாதம்

பெட்டியைப் பிரித்து வெளியே எடுத்ததும் எங்கள் அத்தை கேட்டது, "எலிப்பொறி எதுக்கு அம்மிணி வாங்குனே?" என்றுதான். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஒரு இரும்புக் கூடு, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஒரு கொக்கி, அடியில் வெள்ளைப் பல். தையல் மிஷினில் துணியை அமுக்கிப் பிடிக்க எப்போதும் மாட்டியிருக்கும் சின்ன ஃபுட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆட்டுக்குட்டி பக்கத்தில் எருமை நிற்கிற மாதிரி இருக்கும். இதற்குப் பெயர் வாக்கிங் ஃபுட். கம்பெனிப் பெயர் எதுவும் பெட்டிமேல் இல்லை, ஒரு பொம்மைப் படமும் இரண்டு வரி இங்கிலீஷும்தான். இணையத்தில் 749 ரூபாய்க்கு வாங்கினேன்.

நான் கவுந்தப்பாடிப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறேன். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகிற ஊர் என்றால் நிறையப் பேருக்குத் தெரியும். ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள்தான். கண் கொஞ்சம் மங்கியதும், கொக்கி வைத்து வளையம் கட்டுகிற வேலை பிடிக்காமல் போய்விட்டது. வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதை ஒட்டுப்போட்டுப் போர்வையாகத் தைக்க ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. என் மகள் அதைக் குவில்ட் என்கிறாள். என் அம்மாயி காலத்தில் அதற்குப் பேரே கிடையாது. கிழிந்த சேலைகளை நாலு மடிப்பாகப் போட்டு, கையால் ஓட்டித் தைத்து, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுப்பார்கள். "துணி" என்பார்கள், அவ்வளவுதான்.

என் மிஷின் 1988-ல் சீர்வரிசையில் வந்த உஷா. கறுப்பு உடம்பு, கால்மிதி. நடுவில் ஒரு மோட்டார் வைத்துப் பார்த்துக் கழற்றிவிட்டேன். போர்வைத் தையலுக்கு வேகம் வேண்டியதில்லை, நிறுத்துகிற இடத்தில் நிற்க வேண்டும். அது காலுக்குத்தான் தெரியும்.

இப்போது சாமானுக்கு வருவோம். இது எதற்கு என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒட்டுப்போர்வையில் மூன்று அடுக்கு. மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு ஷீட் அல்லது பழைய வேட்டி, அடியில் ஒரு முழுச் சேலை. இந்த மூன்றையும் சேர்த்து மேலிருந்து கீழ்வரை வரிவரியாகத் தைத்தால்தான் போர்வை. மிஷினில் ஊசிக்குக் கீழே தட்டில் இருக்கிற அடிப்பல் கீழ்த்துணியை மட்டும்தான் பிடித்து இழுக்கும். மேலே இருக்கிற ஃபுட் துணியை அமுக்கிக்கொண்டு சும்மா நிற்கும். இரண்டு மடிப்பு ரவிக்கைத் துணியில் இது தெரியாது. மூன்று அடுக்கில், நடுவில் பஞ்சும் இருந்தால், கீழ்த்துணி முன்னால் ஓடும், மேல்துணி பின்தங்கும். தொண்ணூறு அங்குலம் தைத்துக் கடைசிக்கு வரும்போது மேல்துணி அலை அலையாக முன்னால் குவிந்து நிற்கும். அதை அமுக்கித் தைத்தால் கொசுவம் விழும். வெட்டினால் கட்டம் கோணும். எட்டு வருஷம் நான் இதை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துச் சமாளித்தேன். வலது தோள்பட்டையில் வந்த வலிக்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

வாக்கிங் ஃபுட்டுக்குத் தனியாக மேல்பல் இருக்கிறது. அந்தக் கொக்கி இருக்கிறதே, அதை ஊசி இறுக்குகிற திருகுமேல் உட்கார வைக்க வேண்டும். ஊசி ஏறி இறங்கும்போது கொக்கியும் ஏறி இறங்கும். ஊசி துணியை விட்டு மேலே வந்ததும் மேல்பல் இறங்கி மேல்துணியைக் கவ்வும், அடிப்பல்லோடு சேர்ந்து பின்னால் ஒரு அடி வைக்கும். ஊசி துணிக்குள் இருக்கும்போது தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். நடக்கிற மாதிரிதான். பெயர் சும்மா வைக்கவில்லை.

முதலில் வந்தது பொருந்தவே இல்லை. நான் ஆர்டர் போட்ட பக்கத்தில் "எல்லா மிஷினுக்கும்" என்று போட்டிருந்தார்கள். மாட்டினால் ஃபுட் கால் அங்குலத்துக்குமேல் கீழே இறங்கித் தட்டில் இடித்துக்கொண்டு நிற்கிறது. ஃபுட்டை இறக்கவே முடியவில்லை. நமக்குத்தான் மாட்டத் தெரியவில்லையோ என்று ஒரு மத்தியானம் முழுக்கப் போராடினேன். ரிப்பேருக்கு வருகிற தம்பி வந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "அக்கா, இது உசரக் கம்பி மிஷினுக்குங்க. உங்களுது குள்ளம்." ஃபுட்டை மாட்டுகிற கம்பியில் இரண்டு வகை. தட்டிலிருந்து திருகு வரைக்கும் ஏறத்தாழ முக்கால் அங்குலம் இருந்தால் லோ ஷாங்க். ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் ஹை ஷாங்க். வீட்டுக் கறுப்பு மிஷின்களில் பெரும்பாலும் லோ ஷாங்க்தான். வாங்குவதற்கு முன்னால் ஸ்கேலை வைத்து அளந்துகொள்ளுங்கள், "எல்லா மிஷினுக்கும்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். திருப்பி அனுப்பி மாற்றுச் சாமான் வர பதினாறு நாள் ஆனது. கூரியர்ப் பையன் இரண்டு தடவை மாரியம்மன் கோயில் வரைக்கும் வந்துவிட்டு, வீடு பூட்டியிருந்தது என்று போட்டுவிட்டுப் போனான். எங்கள் வீட்டுக்குப் பூட்டே கிடையாது, அத்தை எப்போதும் திண்ணையில்தான் இருக்கிறார்கள். அது வேறு கதை.

மாற்றி வந்ததை மாட்ட ஐந்து நிமிஷம். பழைய ஃபுட்டைக் கழற்றி, கொக்கியைத் திருகுமேல் வைத்து, பின்பக்கமிருந்து கம்பியில் ஏற்றி, திருகை நாணயம் வைத்து இறுக்கினேன். கையால் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது முக்கியம். ஊசி ஓட்டையின் நடுவில் இறங்குகிறதா, எங்காவது இடிக்கிறதா என்று பார்க்காமல் மிதித்தால் ஊசி முறிந்து கண்ணுக்கு நேராக வரும். ஊசி 16-ஆம் நம்பர் போட்டேன். தையலை அங்குலத்துக்கு எட்டு என்று நீளமாக வைத்தேன். ரவிக்கைக்கு வைக்கிற பொடித் தையல் இதற்கு ஆகாது.

எனக்குச் சொல்லிக் கேட்பதில் நம்பிக்கை இல்லை, அதனால் ஒரு சோதனை போட்டுப் பார்த்தேன். ஒரே சேலையில் இருந்து ஒரு கெஜ நீளத்துக்கு நாலு பட்டை வெட்டினேன். 36 அங்குலம், எல்லாம் ஒரே அளவு. நடுவில் ஒரே பஞ்சு ஷீட். முதல் ஜோடியைப் பழைய ஃபுட்டில், கையால் இழுக்காமல் தைத்தேன். கடைசியில் மேல்பட்டை முக்கால் அங்குலம் அதிகமாக நின்றது. இரண்டாவது ஜோடி வாக்கிங் ஃபுட்டில். முடிவில் இரண்டு ஓரமும் ஒன்றாக வந்து நின்றன. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. 36 அங்குலத்துக்கே முக்கால் என்றால் தொண்ணூறுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பட்டையும் இன்னும் மிஷின் டிராயரில் கிடக்கின்றன. யார் வந்தாலும் காட்டுகிறேன். பால் ஊற்றுகிற பையனுக்குக்கூடக் காட்டினேன், அவன் பாவம், "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அப்புறம்தான் எனக்குத் தலைக்கனம் வந்தது.

மூன்று அடுக்கையும் தைப்பதற்கு முன்னால் தரையில் விரித்து, நாலு அங்குல இடைவெளியில் கையால் நூலோட்டம் போட்டுவைப்பது வழக்கம். சிங்கிள் போர்வை, 60-க்கு 90 அங்குலம், முட்டி போட்டு ஓட்டினால் ஒன்றரை நாள் ஆகும். இந்த ஃபுட் வந்தபிறகு எதற்கு அது என்று நினைத்தேன். நாலு மூலையிலும் நடுவிலும் கொஞ்சம் ஊக்கு குத்திவிட்டு நேராகத் தைக்க உட்கார்ந்தேன். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பதினோரு வரி தைத்துவிட்டுப் புரட்டிப் பார்த்தால், அடிச் சேலை இரண்டு இடத்தில் மடிந்து, மடிப்புமேலேயே தையல் ஓடியிருக்கிறது. மேலும் கீழும் ஒரே சீராக நகர்த்துவதுதான் இதன் வேலை. அடியில் நாம் சுருக்கத்தோடு விரித்திருந்தால் அந்தச் சுருக்கத்தையும் சீராக நகர்த்திக் கொண்டுபோய்த் தைத்துவிடும்.

பதினோரு வரியையும் பிரித்தது அத்தை. கண்ணாடி போட்டுக்கொண்டு, பாதி பிளேடை விரலில் வைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து மூன்று நாள் பிரித்தார்கள். "ஓட்டறதுக்குச் சோம்பலு. பிரிக்கறதுக்கு மட்டும் நாளு கெடக்குதா அம்மிணி?" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது நூலோட்டம் திரும்ப வந்துவிட்டது, ஆனால் நாலு அங்குலத்துக்குப் பதிலாக எட்டு அங்குல இடைவெளி போதுமாக இருக்கிறது. முன்பு ஒரு சிங்கிள் போர்வைக்கு நாலு நாள் ஆகும் என்றால் இப்போது இரண்டரை நாள். காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டி, சோறாக்கி, பத்து மணிக்குக் கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால் ஒரு மணி வரைக்கும்தான் எனக்கு மிஷின். அதற்கப்புறம் வெளிச்சம் மாறிவிடும், மயில் வந்துவிடும். மயிலை அழகு என்று சொல்கிறவர்களுக்குத் தக்காளிச் செடி இல்லை என்று அர்த்தம். அந்தக் கணக்கில் இரண்டரை நாள் என்று சொல்கிறேன், முழு நாள் உட்காருகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் முடியும்.

நூல் அளவு, பஞ்சு வகை எல்லாம் பற்றி நிறையக் கேட்பார்கள். பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டில் இந்த ஃபுட் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் நான் அதை ஊட்டிக்கு, கொடைக்கானலுக்கு என்று கேட்பவர்களுக்குத்தான் போடுவேன். எங்கள் ஈரோட்டு வெயிலுக்கு அதைப் போர்த்தினால் வேர்க்குருதான் மிச்சம். இங்கே நடுவில் பழைய வேட்டிதான். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன நாலு முழ வேட்டியை இரட்டையாகப் போட்டால் வழுக்காது, கனமும் இல்லை. வேட்டி நடுவில் இருக்கும்போது பழைய ஃபுட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சில்தான் இதன் அருமை தெரியும்.

அடிக்கு நூல் சேலை. சேலை ஐந்தரை மீட்டர், 216 அங்குலம். 92 அங்குலத்தில் இரண்டு துண்டு எடுத்துப் பக்கவாட்டில் சேர்த்தால் டபுள் போர்வைக்கே அடி வந்துவிடும், மிச்சத்தில் ஓரப்பட்டை. சுங்குடி கிடைத்தால் விட மாட்டேன். போனமுறை வெள்ளைச் சேலையை அடியில் போட்டுவிட்டேன். தை, மாசியில் எங்கள் வீட்டில் மஞ்சள் வேகவைத்துக் காயப்போடுகிற சமயம் என்பதை மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர், "தண்ணி கொண்டா" என்று உள்ளே வந்தவர், வாசற்படியில் விழக் கிடந்த போர்வையை நல்ல எண்ணத்தில் தூக்கிக் கட்டில்மேல் வைத்தார். பத்து விரலும் பதிந்திருந்தது. அந்தப் போர்வை இப்போது எங்கள் கட்டிலில்தான் இருக்கிறது.

சரி, குறைகள்.

முதலாவது சத்தம். என் மிஷின் எண்ணெய் போட்டால் பூனை மாதிரி ஓடும். இந்த ஃபுட்டை மாட்டினால் டக்கு டக்கு என்று நெல் குத்துகிற சத்தம். பக்கத்து அறையில் மத்தியானம் தூங்குகிறவர்கள் இருந்தால் பகை வரும்.

இரண்டாவது, துணியை நுழைக்கிற இடம். ஃபுட் தடிமனாக இருப்பதால், தூக்கினாலும் அடியில் இடைவெளி குறைவு. கனமான போர்வையை உள்ளே தள்ள, ஒரு கையால் அமுக்கி மறுகையால் இழுக்க வேண்டியிருக்கிறது.

இதைவிடத் தொந்தரவு, திருகு. தையலின் அதிர்வில் ஊசித் திருகும் ஃபுட் திருகும் இளகிக்கொண்டே வருகின்றன. ஒரு பாபின் நூல் தீரும்போதெல்லாம் இரண்டையும் இறுக்குவது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. முதல் மாதத்தில் பழகாமல் இரண்டு ஊசியை முறித்தேன். சாமானோடு ஒரு கம்பி தருகிறார்கள், பக்கத்தில் சொருகினால் முந்தின வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரே இடைவெளி வரும். சாக்பீஸ் கோடு போடுகிற வேலையே இல்லை. அருமையான யோசனை, ஆனால் கம்பி நிற்காமல் நழுவுகிறது. இரண்டு அங்குலத்தில் ஆரம்பித்த வரி போகப்போக இரண்டேகால் ஆகிவிடும். சைக்கிள் வால்வு ட்யூபில் ஒரு துண்டு வெட்டிக் கம்பியில் மாட்டிச் சொருகினேன், இப்போது அசைவதில்லை. எட்டணா காரியம். இதைத் தயாரிக்கிறவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

பின்தையல் போடாதீர்கள். மேல்பல் முன்னால் போகத்தான் செய்யப்பட்டிருக்கிறது, பின்னால் ஓட்டினால் சண்டித்தனம் செய்கிறது. நான் நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போட்டு உள்ளே செருகிவிடுகிறேன். பூ, மாங்காய் என்று வளைத்து வளைத்துத் தைக்கிறவர்களுக்கும் இது ஆகாது. நேர்கோடு, அதிகம் போனால் ஆற்று நீர் மாதிரி லேசான வளைவு. அதற்குமேல் போனால் ஒவ்வொரு தையலுக்கும் ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும்.

மகள் கர்நாடகத்துத் தாண்டேலியில் இருக்கிறாள், மருமகனுக்கு அங்கே வேலை. அவள் போன தடவை வரும்போது ஒரு கவுதியைக் கொண்டுவந்தாள். வட கர்நாடகத்தில் பழைய துணியில் கையாலேயே தைக்கிற போர்வை. ஹளியாள் பக்கம், ஆப்பிரிக்க வழி வந்த சித்தி என்கிற சமூகத்துப் பெண்கள் தைத்தது. ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிற ஓட்டுத்தையல். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துக் குவித்து வைத்திருக்கிறார்கள், அதைப் பூ என்கிறார்களாம். அது இல்லாமல் போர்வையை முடிக்க மாட்டார்களாம். அத்தை அதைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய்ப் புரட்டி, "இது எங்கம்மா தையலு" என்றார்கள். பார்த்த ஆசையில் நானும் ஒரு பிள்ளைப் போர்வைக்கு மூலையில் பூ வைத்தேன். முக்கோணம் மடித்ததில் ஏழு எட்டு அடுக்கு ஆகிவிட்டது. வாக்கிங் ஃபுட் அதன்மேல் ஏறவே இல்லை. ஏறுவதற்குப் பதிலாக ஒரே இடத்தில் நின்று குத்திக் குத்தி அடியில் நூல் கூடு கட்டிவிட்டது. நாலு மூலையையும் கையால்தான் தைத்தேன். பேத்தி இப்போது அந்தப் பூவைத்தான் வாயில் வைத்துச் சப்புகிறாள். "அம்மாயி பூ" என்று வீடியோவில் காட்டினாள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. பழந்துணியில் தூசியும் நூல்பிசிறும் அதிகம், அது கூட்டுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. பழைய பல்தேய்க்கிற பிரஷ்ஷால் வாரத்துக்கு ஒரு தடவை தட்டிவிடுகிறேன். கொக்கி அசைகிற இடத்தில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். இரண்டு சொட்டு விட்டால் அடுத்த போர்வையில் கறை. வெள்ளைப் பல் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது, எவ்வளவு நாள் தாங்கும் என்று சந்தேகம்தான். நாலு மாதத்தில் ஒன்பது சிங்கிள், மூன்று பிள்ளைப் போர்வை தைத்திருக்கிறேன், இதுவரை தேய்மானம் கண்ணுக்குத் தெரியவில்லை.

பணம்? ஒரு சிங்கிள் போர்வைக்குத் தையல்கூலி 1,800 வாங்குகிறேன். முதல் போர்வையிலேயே 749 திரும்பிவிட்டது. தோள்வலி பாதி குறைந்ததற்குத் தனியாக விலை போடவில்லை. வருஷத்துக்கு ஒரு போர்வை தைக்கிறவர்கள், அதுவும் வேட்டி வைத்துத் தைக்கிறவர்கள், இதை வாங்க வேண்டாம். நூலோட்டத்தை நெருக்கமாகப் போட்டாலே போதும். பஞ்சு வைத்து, மாதம் ஒன்றிரண்டு தைத்து விற்கிறவர்கள் வாங்கலாம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். அந்தக் கம்பி நழுவாமல் இருந்திருந்தால் நாலரை.

ரவிக்கை தைக்க உட்காரும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள். போன வாரம் பக்கத்துத் தோட்டத்து அக்கா அவசரம் என்று கொண்டுவந்த பட்டு ரவிக்கையை இதை மாட்டியபடியே தைத்துவிட்டேன். தையல் ஓரம் முழுக்க மேல்பல் பதிந்த தடம், தண்டவாளம் மாதிரி. ஆவி காட்டித் தேய்த்ததில் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் கைக்கு அடியில்தான் வருகிறது, கல்யாணத்தில் யாரும் பார்க்கவில்லை என்று அக்கா சொன்னார். என் முகத்துக்காகச் சொன்னாரோ என்னவோ, நான் கூலி வாங்கவில்லை.